மூக்காயியோடு ஒரு ராத்திரிச் சாப்பாடு

அன்புள்ள சண்டிராணி,

வார்டன் எழுதுகிறேன். எட்டு மாதமாகப் பதில் போடாததற்கு நீ என்னென்ன திட்டுவாயோ அத்தனையும் நானே திட்டிக்கொண்டாயிற்று, அதனால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடு. முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்குப் போகிறாயா, போகிறேன் என்று சொல்லிவிட்டு சோபாவில் கிடக்கிறாயா? சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம், பிரஷர் மாத்திரை மட்டும் ஒன்று கூடியிருக்கிறது.

போன வாரம் பார்சலோனாவில் மூக்காயியைப் பார்த்தேன்.

கத்தாதே. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீ ஒரு மூட்டை கட்டி என் பெட்டியில் திணித்திருப்பாய். மூன்று நாள் ஆபீஸ் வேலை, கடைசி ராத்திரி மட்டும்தான் எனக்கென்று மிச்சம். பதினாறு வருஷமாகிறதடி அவளைப் பார்த்து. தலை முழுக்க வெள்ளை, டை அடிப்பதே இல்லையாம். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்பதரைக்கு வரச் சொன்னாள். எனக்கு ஏழு மணிக்கே வயிறு கூவ ஆரம்பித்துவிட்டது. "இந்த ஊர்ல ஒன்பது மணிக்கு முன்னாடி ராத்திரிச் சாப்பாடு கேட்டா டூரிஸ்ட்னு நெத்தியில எழுதி ஒட்டிடுவாங்க" என்றாள். 1940-ல் ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியின் மணிக்கு மாற்றிவிட்டாராம், போர் முடிந்தும் யாரும் திருப்பி வைக்கவில்லை. அதோடு கோடைக்காலத்து ஒரு மணியையும் சேர்த்தால், அங்கே கடிகாரத்தில் ஒன்பதரை என்பது சூரியக் கணக்கில் ஏழரை. எனக்கு எங்கே போனாலும் ஏழரைதான்.

போப்ளே செக் என்று ஒரு பேட்டை, பாரலெல் பெருந்தெருவை ஒட்டி. அதில் பிளாய் தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கடைகள். ரொட்டித் துண்டின் மேல் எதையாவது வைத்துக் குச்சி குத்தி அடுக்கியிருக்கிறார்கள்; வேண்டியதை எடுத்துத் தின்றுவிட்டு, கடைசியில் தட்டில் கிடக்கிற குச்சிகளை எண்ணிக் காசு வாங்குகிறார்கள். குச்சியைக் கைப்பையில் போட்டுக்கொண்டால் என்ன செய்வார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உன்னோடு பழகின புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அங்கேயே உட்காரலாம் என்றேன். மூக்காயி கேட்கவில்லை, இன்னும் இரண்டு தெரு தள்ளி ஒரு புதுமாதிரிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உயரமான ஸ்டூல், நம் கண்ணெதிரே அடுப்படி, முரட்டுத் தடியன்களாக நாலு பையன்கள் கையில் புருவம் பிடுங்குகிற இடுக்கியை வைத்துக்கொண்டு இலை இலையாகத் தட்டில் வைக்கிறார்கள். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "பொறுடி" என்றாள்.

இந்தச் சின்னத் தட்டுச் சாப்பாட்டுக்கு அங்கே தாபா என்று பேர், நம் ரோட்டோர தாபா இல்லை; மூடி என்று அர்த்தமாம். ஒயின் கிளாஸில் ஈ விழாமல் இருக்க மேலே ஒரு ரொட்டித் துண்டையோ பன்றித் தொடைச் சீவலையோ வைத்து மூடினார்களாம், அதிலிருந்து வந்த பேர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இப்போது மூடி பெரிதாகி கிளாஸ் சின்னதாகிவிட்டது. எல்லாம் சின்னச் சின்னத் தட்டு, எல்லாம் நடுவில், எல்லாம் பங்கு. ஹாஸ்டலில் ஒரே தட்டில் கைபோட்ட நமக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

முதலில் வந்தது ஆளுக்கு ஒரு ஸ்பூன். அதில் ஒரே ஒரு பச்சை ஆலிவ், எண்ணெய் மினுமினுப்போடு. அடப்பாவி, ஒன்றா என்று வாயில் போட்டேன். பல் படுவதற்கு முன்னாலேயே பொட்டென்று உடைந்து வாய் நிறைய ஆலிவ் சாறு! கொட்டையும் இல்லை, சதையும் இல்லை. ஆலிவை அரைத்துச் சாறெடுத்து, கால்சியம் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட் கரைசலுக்குள் ஸ்பூனால் மெல்ல விடுவார்களாம். சாறு தொட்ட இடத்தில் முட்டைக்குள் இருக்கிற ஜவ்வு மாதிரி ஒரு தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே நீராகவே இருக்கும். ரோசஸ் ஊர்ப் பக்கம் கடலோரத்தில் எல் புல்லி என்று ஒரு ஹோட்டல் இருந்தது, ஃபெரான் அட்ரியா நடத்தினார், அங்கே 2005-ல் பிறந்த வித்தை இது. அந்த ஹோட்டலை 2011-ல் மூடிவிட்டார்கள். வித்தை மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. மூக்காயி இன்னொன்று வரவழைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்து உடைத்தாள். "இந்த 'பொட்'டுக்காகத்தான் இங்க வரேன்" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அப்புறம் வினிகரில் ஊறிய வெள்ளை நெத்திலி மாதிரி ஒரு மீன். பச்சையா என்று நான் தயங்கியபோது, இப்படிப் பச்சையாகப் பரிமாறுகிற மீனைக் கடைக்காரன் உறையவைத்துத்தான் எடுக்கவேண்டும், சட்டமே இருக்கிறது என்று அதட்டினாள். தக்காளியைத் தேய்த்த ரொட்டி வந்தது. அதோடு ஓக் கொட்டை தின்று வளர்ந்த கறுப்புப் பன்றியின் தொடைச் சீவல், கண்ணாடி போல மெல்லிசு. அறைச் சூட்டுக்கே கொழுப்பு உருகிப் பளபளக்கிறது. வாயில் வைத்தால் என்ன மணம் தெரியுமா, முந்திரி வறுத்த மாதிரி, பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி. அந்தத் தட்டை அவள் அப்படியே என் பக்கம் தள்ளினாள். எனக்கு விட்டுக்கொடுக்கிறாளாக்கும் என்று உருகிப்போய் மொத்தத்தையும் தின்றேன். க்ரொகெத்தா என்று மொறுமொறுவெனப் பொரித்த உருண்டை வந்ததும் மட்டும் நாலில் மூன்றை அவளே எடுத்துக்கொண்டாள். கடிக்கும்போது கேட்கிற அந்தச் சத்தத்தை ரசிக்கிற மாதிரி மென்றாள்.

பாத்ரோன் மிளகாய் கேள்விப்பட்டிருக்கிறாயா? ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா பக்கத்துச் சரக்கு. விரல் நீளம்கூட இல்லாத பச்சைக் குட்டிகள், எண்ணெயில் தோல் கொப்புளிக்க வாட்டி மேலே கல்லுப்பு. "பாத்ரோன் மிளகா, சிலது உறைக்கும் சிலது உறைக்காது" என்று அந்த ஊரில் எதுகையோடு ஒரு சொலவடையே இருக்கிறது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வாயில் விழுந்தால்தான் தெரியும். நான் இரண்டு தின்றேன், சப்பென்று நல்ல பிள்ளைகள். மூக்காயி பதினொன்று தின்றாள். எண்ணினேன். ஒவ்வொன்றையும் கடித்து, ஒரு நொடி காத்திருந்து, உதட்டைப் பிதுக்கி அடுத்ததை எடுத்தாள். லாட்டரிச் சீட்டைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கண்ணாடிக் கூண்டு வந்தது. தட்டின் மேல் கவிழ்த்த கூண்டு, உள்ளே புகை சுழல்கிறது, அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. பையன் நாடகக்காரன் மாதிரி ஒரு விநாடி நிறுத்தி, தூக்கினான். குப்பென்று புகை. ரோஸ்மேரி, கருகின விறகு, மழைக்குப் பிந்தைய தோட்டம், என்னவோ எல்லாம் சேர்ந்து அடித்தது. நான் வாய்விட்டு 'ஆகா' என்றேன். திரும்பினால், மூக்காயி தட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு, எப்படி இருக்கு?"

"என்னைக் கேக்கறியா? ரெண்டாம் மாடியில படுத்துக்கிட்டே மெஸ்ஸுல பால் அடிப்பிடிச்சதைச் சொன்னவ நீ!"

"அதான் கேக்கறேன்" என்றாள். "எனக்கு மூக்கு போயிடுச்சுடி."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன் சண்டி. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

2020 மார்ச். ஊரே வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்கள். இவளுக்குக் காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லையாம், இரண்டு நாள் அசதி. மூன்றாம் நாள் காலை காபி வெந்நீராக இருந்ததாம். பொடி கெட்டுவிட்டது என்று புதுப் பாக்கெட்டைப் பிரித்தாளாம். அதுவும் வெந்நீர். மற்றவர்களுக்கெல்லாம் சில வாரத்தில் திரும்பியது, இவளுக்கு வரவே இல்லை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் அந்தக் கறிச்சாற்று ருசி, அவ்வளவுதானாம். நாம் ருசி என்று சொல்வதில் பாதிக்கு மேல் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனை. காரம் ருசியே இல்லை, எரிச்சல்; அதற்கு வேறு நரம்பு, அது இவளுக்குப் பத்திரமாக இருக்கிறது. இப்போது புரிகிறதா, ஏன் பதினொரு மிளகாய் என்று? ஏன் அந்த 'பொட்'? தொடைச் சீவல் அவளுக்கு உப்புப் போட்ட ரப்பராம். இதுதான் விட்டுக்கொடுத்தல் என்று நான் உருகினது.

புலம்பவில்லை அவள். பிரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுகிறாளாம், கெட்டுப்போனது தெரியாதே. ஒரே ஒரு இடத்தில்தான் குரல் இறங்கியது. "பேரனுக்கு நாலு மாசம். எல்லாரும் தலையை மோந்து மோந்து பாக்கறாங்க. நானும் பாக்கறேன். வெதுவெதுன்னு இருக்கு." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் என்னத்தைச் சொல்ல, தண்ணீரைக் குடித்தேன்.

தட்டை எடுக்கப் பையன் வந்தான். ஒரு மிளகாய் மிச்சம் கிடந்தது. மூக்காயி கையால் மறித்தாள். பங்கு போட்டுத் தின்னும் தட்டில் யாரும் எடுக்காமல் கடைசியாகக் கிடக்கிற துண்டுக்கு அங்கே 'வெட்கத் துண்டு' என்றே பேராம். எடுக்கிறவன் வெட்கங்கெட்டவன். அந்தப் பட்டத்துக்கு நம் மூன்று பேரில் யார் பொருத்தம் என்று நான் சொல்லவேண்டியதில்லை, நீ அங்கே இல்லாததால் நானே எடுத்தேன். பாதி கடித்தேன். ஐயோ! உச்சந்தலையில் போய் இடித்தது காரம். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். மூக்காயி என் கையிலிருந்த மீதிப் பாதியை வெடுக்கென்று பிடுங்கி வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிகிறது, துடைக்கவே இல்லை, சிரிக்கிறாள். பையன் பயந்து தண்ணீர் ஜாடியோடு ஓடிவந்தான். (குழாய்த் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தரவேண்டும் என்று 2022-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ரொட்டிக்கு மட்டும் தனியாகத் தீட்டினார்கள். பில்லுக்கு நடந்த சண்டையில் நான் தோற்றேன்.)

சாப்பிட்டு முடித்தபின் உட்கார்ந்து பேசுவதற்கு அங்கே தனியாக ஒரு சொல்லே உண்டு, சோப்ரமேசா. ஒன்றரை மணி நேரம் பேசினோம், யாரும் எழுப்பவில்லை. அப்போதுதான் கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணிச்சுருளை எடுத்துப் பிரித்தாள். குட்டிக் குட்டிப் பாட்டில்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். ஜெர்மனியில் ஒரு டாக்டர் கொண்டுவந்த பயிற்சியாம்: காலையும் ராத்திரியும் ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் மோந்து, அந்த வாசனையை மனசுக்குள் நினைக்கவேண்டும், மாதக்கணக்கில். இவள் வருஷக்கணக்கில் செய்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் கிராம்பில் ஏதோ தட்டுப்பட்டதாம். "வாசனைன்னு சொல்ல முடியாது. இருட்டு ரூமுக்குள்ள யாரோ நிக்கிற மாதிரி இருந்துது."

நாலு பாட்டில் என்றுதான் அந்தப் பயிற்சியில் கணக்கு. துணிச்சுருளில் ஐந்து இருந்தன சண்டி. ஐந்தாவதில் உன் கோழிக்கிறுக்கலில் 'தாழம்பூ' என்று எழுதி ஒட்டியிருந்தது.

அவள் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் நீ அனுப்புகிற அத்தர். 'பிரிச்சவுடனே ரூமே மணக்குதுடி' என்று அவள் உனக்கு எழுதினதில் 2020-க்கு அப்புறம் வந்ததெல்லாம் பொய். அதனால்தான் உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். தெரிந்தால் பாவம் பார்த்துப் புடவை, ஸ்வெட்டர் என்று மாற்றிவிடுவாயாம். மற்ற நாலும் பாட்டிலில் எழுதியிருக்கிற பெயர்தானாம் அவளுக்கு. தாழம்பூவை மட்டும் மூடியைத் திறந்தவுடன் மூக்குக்குத் தெரியாவிட்டாலும் நம் அறை தெரிகிறதாம், ஜன்னல், கொடியில் உன் பாவாடை உட்பட.

என் சத்தியத்தின் லட்சணம் உங்கள் இருவருக்குமே தெரியும். ஆனால் நீ தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே, போன் போட்டு ஒப்பாரி வைக்காதே. நவம்பர் பக்கத்தில் வந்துவிட்டது. தாழம்பூவே அனுப்பு, கொஞ்சம் பெரிய பாட்டிலாக. லேபிளை நீயே எழுது.

உன்,
வார்டன்