ராஜாளிக்குச் சென்னையில் ஒரு கூடம் வேண்டும்

தமிழ்நாடு, புதுச்சேரி கடற்படைப் பகுதியின் தலைமை அதிகாரி அவர்களுக்கும், தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடியபோது, சென்னைக்காரர்கள் விமானம் ஏற அரக்கோணம் போனார்கள். கடற்படையின் ராஜாளி தளத்தைப் பற்றிப் பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். 1992 முதல் வங்கக் கடலைக் காவல் காக்கும் தளம் அது.

டுபோலெவ்-142 விமானங்கள் 2017 வரை அங்கிருந்துதான் பறந்தன. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். வேலை, நீர்மூழ்கி வேட்டை. சோனோபாய் என்ற மிதவைகளைக் கடலில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார்கள். மிதவை தண்ணீரில் விழுந்ததும் ஒலிவாங்கி ஒன்று கேபிளோடு ஆழத்துக்கு இறங்கும். கேட்பதையெல்லாம் மேலே உள்ள ஆன்டெனா விமானத்துக்கு அனுப்பும். அலை, மழை, சரக்குக் கப்பல் என்று அத்தனை இரைச்சலுக்கும் நடுவே நீர்மூழ்கியின் ஓசையைப் பிரித்தெடுக்க வேண்டும். விமானியையாவது நாலு பேர் பாராட்டுவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவரை யாருக்குத் தெரியும்? இன்று அந்த வேலை பி-8ஐ விமானங்களுடையது.

ஓய்வு பெற்ற டுபோலெவ் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நல்ல காரியம். ஆனால் கால் நூற்றாண்டு அது ஏறி இறங்கிய ஓடுபாதை நம் பக்கத்தில் இருக்க, சென்னைப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்ல இங்கே ஓர் அறைகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்.

கதை ராஜாளியோடு தொடங்கியதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை தாம்பரத்தில் 'வல்லூறு' என்ற விமானத் தளத்தை நடத்தியது. கோவையில் அதன் விமானப் பழுதுபார்ப்புத் தளத்துக்குப் பெயர் 'கருடா'. 1953இல் கொச்சியில் இந்தியக் கடற்படை தொடங்கிய முதல் விமானத் தளமும் அதே பெயரைத்தான் ஏற்றது. அப்புறம் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல் வந்தது. 1971 டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின.

முழு விமானம் கேட்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் ஒதுக்குங்கள். ஒரு சோனோபாய், ஒரு ஹெட்போன், பறந்த நேரத்தைக் குறித்த பழைய பதிவேடுகள், தாம்பரம், அரக்கோணம் படங்கள், தமிழில் விளக்கம்: தொடங்குவதற்கு இவை போதும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. டுபோலெவ் முதன்முதலில் நம் கடற்படைக்கு வந்தது 1988இல். அன்று அதில் பறந்தவர்களும், அதைப் பழுது பார்த்தவர்களும் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய், ரகசியம் அல்லாதவற்றையாவது அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். கூடம் கட்டும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்