என்னை ஓட விடாதவர்களுக்கு

பெசன்ட் நகர் கடற்கரையில் விடியுமுன் கூடும் நம் கூட்டத்துக்கும், இந்த மூன்று மாதமாக என் புலம்பலைத் தாங்கிய மற்றவர்களுக்கும் வணக்கம்.

ஜனவரியில் நேப்பியர் பாலத்திலிருந்து கிளம்பிய முழு மாரத்தானில் நான் ஓடவில்லை. 42.195 கிலோமீட்டருக்குப் பணம் கட்டி, ஆசைக்கு எண் அட்டையையும் வாங்கி வந்து பீரோவில் வைத்ததோடு சரி. ஓடாதவளுக்கு எதற்கு நன்றி மடல் என்று கேட்பீர்கள். ஓட விடாமல் பிடித்து வைத்தீர்களே, அதற்குத்தான்.

தப்பு முழுக்க என்னுடையது. வாரம் 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள், தீபாவளிக்கு ஊருக்குப் போனதில் விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று மூன்றே வாரத்தில் 55க்குத் தாவினேன். ஷூவும் ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடந்தது. இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் உட்பக்கம் வலி. முதலில் ஓடி முடித்த பிறகு வந்தது, அப்புறம் ஓடும்போதே வந்தது, கடைசியில் ராத்திரி படுத்திருக்கும்போதும் விண்விண் என்றது. நான் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஓடினேன்.

கேப்டன், என் காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தீர்கள். "இடது கால் வேற மாதிரி விழுது, நாளைக்கு வராதீங்க" என்றீர்கள். அன்று உங்கள் மேல் வந்த கோபத்துக்கு இப்போது மன்னிப்பு.

பிசியோ மேடம், கட்டைவிரலால் எலும்பை அழுத்திக்கொண்டே வந்து ஒரே இடத்தில் என்னை அலற வைத்தீர்கள். எலும்பு நெடுக வலித்தால் ஒரு கதை, விரல்நுனி அளவு இடத்தில் வலித்தால் வேறு கதை என்றீர்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று நான் துள்ளினேன். இந்தக் காயம் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும் என்று எம்ஆர்ஐ எடுக்க வைத்தீர்கள். அதில் தெரிந்தது: எலும்புக்குள் வீக்கம், விரிசல் விழுவதற்கு முந்தைய நிலை. ஆறு வாரம் ஓட்டம் கிடையாது. உங்கள் அறையில் நான் அழுத அழுகையை யாரிடமும் சொல்லாததற்குத் தனி நன்றி.

வேளச்சேரி நீச்சல் குளத்துக்கு வண்டியில் கூட்டிப்போன அக்கா, மிதவைப் பட்டையை இடுப்பில் கட்டித் தண்ணீருக்குள் ஓடக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். கால் தரையில் படாது, எலும்புக்கு அடியும் இல்லை, மூச்சு மட்டும் நிஜமாகவே வாங்கும். முக்கால் மணி நேரம் ஓடியும் பத்தடி நகர்ந்திருக்க மாட்டேன். பக்கத்தில் நீச்சல் பழகிய வாண்டுகள் சிரித்தார்கள். அவர்களுக்கும் நன்றி, சிரிக்க வைத்தார்கள்.

அப்புறம் அத்தை. வாரம் இரண்டு முறை ஆட்டுக்கால் சூப். "சூப் குடிங்க, ஆனா எலும்பு சேர்றது ஓடாம இருக்கிறதாலதான்" என்று பிசியோ மேடம் சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்னதுதான் வினை. மறுநாள் ஷூவைக் காணோம். பரண்மேல் பித்தளை அண்டாவுக்குள் இருந்ததாம். நல்லவேளை, நான்காவது வாரம் வலி நின்றதும் விடியற்காலையில் அதைத்தான் தேடினேன்.

"வலியைப் பார்த்தா மாரத்தான் ஓட முடியுமா" என்று செய்தி அனுப்பிய இருவருக்கு மட்டும் நன்றி கிடையாது.

போட்டியன்று முப்பதாவது கிலோமீட்டர் தாண்டிய தண்ணீர்ப் பந்தலில் என்னை நிறுத்தினீர்கள். உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளை கொடுத்துக் கொடுத்துக் கை பிசுபிசுத்தது. கேப்டன் வந்தார், முகமெல்லாம் உப்புப் பூத்து. தண்ணீரை வாங்கிக்கொண்டு, "கால் எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்!

போன ஞாயிறு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என எட்டுச் சுற்று முடித்தேன். வலி இல்லை. புது ஷூவும் வாங்கியாகிவிட்டது. அத்தை, அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.