புதிய எஃப்எம் நிலையங்களில் உள்ளூர்க் குரல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாடு முழுவதும் 234 ஊர்களில் 730 தனியார் எஃப்எம் அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர், ராஜபாளையமும் அந்தப் பட்டியலில் உண்டு. பாளையங்கோட்டையில் பல வருடமாக ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு கோரிக்கை. காலையிலும் மாலையிலும் சில மணி நேரமாவது அந்தந்த ஊர் ஸ்டூடியோவில் ஓர் ஆள் உட்கார்ந்து நேரலையில் பேச வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே அரசு வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையையும், பிறகு கோடைப் பண்பலையையும் கேட்டு வளர்ந்தவர்கள் அதிகம். தனியார் எஃப்எம் நெல்லைக்கு வந்தபோது, பழைய பிலிப்ஸ், மர்பி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு 'இதுக்குள்ள எஃப்எம் கிட் போட்டுத் தாங்க அண்ணாச்சி' என்று கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெறும் பாட்டுக்காக வந்த கூட்டம் இல்லை அது. பாட்டு கேசட்டிலேயே கிடைத்தது. ரேடியோவில் நம்ம ஊர்ப் பேச்சு கேட்டது, அதுதான் விஷயம். 'குத்தாலத்துல தண்ணி விழுதா, மெயினருவில குளிக்க விடுதாவளா?' என்று ஒருவர் போனில் கேட்பார். அடுத்த பாட்டு முடிவதற்குள் தென்காசியிலிருந்து இன்னொருவர் கூப்பிட்டுப் பதில் சொல்வார். ஆனித் தேரோட்டத்தன்று எந்த ரத வீதியில் வண்டி போகாது என்பது வரை ஆர்ஜே சொல்லிவிடுவார். டிவியில் விளம்பரம் கொடுக்க வசதியில்லாத டவுன் ஜவுளிக்கடைக்காரர் பத்து விநாடி விளம்பரம் கொடுத்தார். அவர் கடைக்கு அதைக் கேட்டே ஆட்கள் போனார்கள்.

நிலையம் நடத்துகிறவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். தனியார் எஃப்எம் ஏலத்தின் முதல் கட்டத்தில் 108 அலைவரிசைகளை ஏலத்துக்கு வைத்தார்கள். உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் 15 சதவீதம் ஏறும் என்ற விதியால் பலர் பாதியில் விலக, கடைசியில் ஓடியவை 21 நிலையங்கள்தான். 2005-ல் வருவாயில் 4 சதவீதம் கட்டினால் போதும் என்று மாற்றிய பிறகே மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று எஃப்எம் பரவியது. 2011 கொள்கை, ஒரு நிறுவனம் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சியை இணைத்து ஒலிபரப்ப வழி விட்டது. செலவு குறைந்தது, சரி. ஆனால் சென்னை கத்திப்பாராவில் நெரிசல் என்பதை நெல்லை வண்ணார்பேட்டை ஆட்டோக்காரர் கேட்டு என்ன செய்வார்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் இதன் விலை தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறியது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. கடையிலிருந்த பேட்டரி ரேடியோவைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எந்தப் பாலத்தில் போகலாம், முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அன்று ராத்திரி ஒரு தனியார் அலைவரிசையில் கணினியில் அடுக்கி வைத்த பாட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பேச ஆள் இல்லை.

இதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம் என்பது விதி. ஆனால் வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்சாரம், உள்ளூர் நிர்வாகம் தரும் பேரிடர் அறிவிப்பு இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம். மணிக்கு 10 நிமிடம் வரை செய்திக்கும் அனுமதி தரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அதையும் ஏற்க வேண்டும்; ராஜபாளையத்துச் செய்தியை ராஜபாளையத்து நிலையம் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

கூடவே, ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தன் எல்லைக்குள் இருக்கும் எஃப்எம் நிலையங்களை அழைத்துப் பேசி, இரவிலும் தொடர்புகொள்ளக்கூடிய ஓர் ஆளின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஏலம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
பாளையங்கோட்டை.