உப்புப் போட்ட கஞ்சி

மன்னார்குடி
ஞாயிறு காலை

தம்பிக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். எடுத்தாலும் "நல்லா இருக்கேன்ப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். குடல் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை, லீவில் இருப்பவனுக்கு என்ன மீட்டிங் என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

குறுவை அறுப்பு முடிந்தது. மேலத்தெரு வீட்டு விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

சாப்பிடுகிறாயா? மருமகள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே எடுத்துவைத்து அதன்மேல் ஒட்டுகிற பை நிரம்பிவிடுமே என்று சிலர் ஒரு வேளைச் சோற்றோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று நர்ஸம்மா அன்றே சொன்னார்களே, அதனால் கேட்கிறேன். வயிற்றைக் காயப்போட்டால் மட்டும் நின்றுவிடாது தம்பி. குடலில் ஊறுவது ஊறிக்கொண்டுதான் இருக்கும், தண்ணியாக வரும், காற்றும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிடு. குழைந்த சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு எல்லாம் கெட்டியாக்கும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், தேங்காய்ச் சில்லு இப்போதைக்கு வேண்டாம், அடைத்துக்கொள்ளும். மென்று சாப்பிடு.

உப்பை மறக்காதே. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அது நேராகப் பைக்குத்தான் போகும், உடம்பில் நிற்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளந்து போடு, குத்துமதிப்பாகப் போடாதே. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பையில் வந்தாலும், ஒன்றுக்கு மஞ்சளாகக் கொஞ்சமே போனாலும், கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலும் உடனே டாக்டருக்குப் பேசு. எனக்கு அப்புறம் பேசலாம்.

தோல் எரிந்தால் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறாள் அம்மா. தடவாதே, பை ஒட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். வீக்கம் வடிய வடிய அந்தக் குடல் வாய் சுருங்கும், அதனால் பையின் ஓட்டையை ஆஸ்பத்திரியில் வெட்டிய அளவிலேயே இன்னும் வெட்டிக்கொண்டிருக்காதே, ஒவ்வொரு தடவையும் அளந்து பார். காலையில் வெறும் வயிற்றோடு பையை மாற்று. உப்பைச் சொன்னேன் இல்லையா?

மூன்றாம் நாளே வராந்தாவில் நாலு சுற்று நடந்தவன் நீ. பக்கத்துப் படுக்கைக்காரரையும் எழுப்பிக் கூட்டிப்போய் நடக்க வைத்தாய். அன்று உன் அம்மாவிடம் இவன் என் பிள்ளை என்று சொன்னேன். அப்படிப்பட்டவன் இப்போது ஹாலில் நாற்காலியில் தூங்குவதாவது, சின்னவள் மடியில் ஏற வந்தால் தள்ளி உட்காருவதாவது!

சரி, மருமகள்தான் சொன்னாள். போனில் அழுதாள். அவளை ஒன்றும் சொல்லாதே.

இனி எழுதுவதைப் படித்துவிட்டு வைத்துவிடு, பதில் வேண்டாம். போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்குக் கொல்லையில் நின்று, "ரத்தம் போகுதுப்பா" என்று சொன்னாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். உனக்கும் உட்கார்ந்த வேலை, எனக்கும் இன்ஜின் சூட்டில் உட்கார்ந்த வேலை, மூலம்தான் என்று நானே முடிவு கட்டினேன். துத்தி இலையைப் பறித்து விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொன்னேன். அதோடு விட்டேனா? "இதையெல்லாம் வெளியில சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றேன். நீ 11 மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

நான் அப்படித்தான் இருந்தேன். ரத்தக்கறை பட்ட காக்கிப் பேண்டை டிப்போ குழாயிலேயே அலசிக் காயவைத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். உன் அம்மாவுக்கே பல வருஷம் தெரியாது. அதைத்தான் உனக்கும் கொடுத்திருக்கிறேன். இன்று நீ உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாய் என்று கேள்விப்பட்டால் எனக்கு வேறு யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. கொல்லையில் அந்தத் துத்திச் செடியைப் பார்க்கவே முடியவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். உன் அக்கா பார்த்துவிட்டாள், ஒன்றுமில்லை. நானும் பார்த்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். போகவில்லை. பயமாக இருக்கிறது தம்பி.

வியாழன் இரவு செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், விடிவதற்குள் கோயம்புத்தூர். ஸ்டேஷனுக்கு வராதே, ஆட்டோவில் வந்துவிடுவேன். வெயிட் எதையும் தூக்காதே. உனக்கு உடம்பு ஒத்துழைக்கிற ஒரு நாளாகப் பார்த்து என்னை அங்கேயே அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போ. தனியாகப் போக எனக்குத் துணிவில்லை.

அப்பா

அம்மா சொல்லச் சொன்னது: சவ்வரிசி வறுத்து அரைத்து ஒரு டப்பாவில் கொடுத்தனுப்புகிறாளாம். கஞ்சி காய்ச்சி மோர் விட்டு, உப்புப் போட்டுக் குடிக்க வேண்டுமாம்.