தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது?

பாயான் லெப்பாஸ், பினாங்கு, மலேசியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். "அந்த ஊரை யார் ஆள்கிறார்கள், தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது?" என்று போன வாரம் கேட்டீர்கள். ஐந்து வருடம் வார்டு மெம்பராக இருந்தவருக்கு முதலில் இந்தக் கேள்விதான் வரும்.

கடையில் வேலை பழகிவிட்டது. நாசி கண்டார் கடை. சோறுதான் நாசி. கண்டார் என்றால் தோளில் தண்டு போட்டுச் சுமப்பது. அந்தக் காலத்தில் நம் பக்கத்து முஸ்லிம்கள் காவடி மாதிரி ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தெருத்தெருவாக விற்றிருக்கிறார்கள். இப்போது மீன், கோழி, ஆடு, கணவாய் என்று எல்லாக் குழம்பிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சோற்றின் மேல் ஊற்றித் தரச் சொல்கிறார்கள். 'பாஞ்சிர்' என்பார்கள், வெள்ளம் என்று அர்த்தம். அம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் ருசி இருக்கிறது அப்பா, நிஜமாகவே இருக்கிறது.

காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் கடை திமிறும். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரம் அது. மலாய்க்காரர், சீனர், நம்மவர்கள், நேபாளி, வங்கதேசத்துப் பையன்கள், இந்தோனேசியப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் போகிற சிப்புகளைச் சோதித்துப் பொதியும் வேலை அவர்களுக்கு. இந்த இடம் ஒரு காலத்தில் நெல் வயல், நம் ஊர் மாதிரியே. பினாங்கு 1786-லிருந்தே வரியில்லாத் துறைமுகமாகப் பிழைத்த ஊர். அந்தச் சலுகை போனதும் ஊரே வேலையில்லாமல் தவித்திருக்கிறது. 1972-ல் லிம் சோங் இயூ என்ற முதலமைச்சர் காலத்தில் இங்கே சுங்க வரியில்லாத் தொழிற்பேட்டை திறந்தார்கள். அந்த வருடமே இன்டெல் வந்துவிட்டது. வயலை அழித்துத்தான் செய்தார்கள். அது எனக்கு வருத்தம்தான், ஆனால் எத்தனை குடும்பம் அதில் சாப்பிடுகிறது என்பதைத் தினமும் நானே பரிமாறிப் பார்க்கிறேன்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். 2025-லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டு ஆளுக்கும் அதே கணக்கு. வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைத்தால் அரசுக்குக் கட்ட வேண்டிய வரிதான் லெவி. முதல் ஆறு மாதம் அதைச் சொல்லி என் சம்பளத்தில் பிடித்தார்கள், பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2018-லிருந்து லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று வாடிக்கையாக வரும் ஒரு பெரியவர் எடுத்துச் சொன்னார். பயந்துகொண்டே போய்க் கேட்டேன். பிடித்தம் நின்றது. பாஸ்போர்ட் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. அப்போது உங்களிடம் சொல்லாததற்குக் கோபிக்காதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மற்ற பல மாநிலங்கள் மாதிரி இங்கே சுல்தான் கிடையாது, ஆளுநர் இருக்கிறார். சட்டமன்றத்துக்கு 40 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலமைச்சர் அலுவலகம் கொம்தார் என்ற உயரமான கட்டடத்தில் இருக்கிறது. ஆனால் வார்டு தேர்தல் இல்லை அப்பா! மாநகர் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. 1965-ல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த சமயத்தில் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976-ல் வந்த சட்டத்தோடு அது போயே போய்விட்டது. அதற்கு முன் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மக்கள் ஓட்டுப் போட்டு மன்றத்தை அமைத்திருக்கிறார்கள். அந்த நகரத்தின் முதல் மேயர் யார் தெரியுமா? டி.எஸ். ராமநாதன்! அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தெருவிளக்குக்கு வருகிறேன். கடைக்குப் பின்னால் ஒன்று அணைந்துபோனது. முதலாளி போட்டோ எடுத்து எங்கள் தொகுதி 'ஒய்பி'யின் சேவை மையத்துக்கு அனுப்பினார். சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாலாம் நாள் விளக்கு எரிந்தது. ஊர் சுத்தமாக இருக்கிறது, குறை சொன்னால் கேட்கிறார்கள். இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. விடிவதற்குள் நம் திண்ணையில் குடத்தோடு வந்து நின்று உங்களைத் திட்டுவார்களே, அந்த உரிமை இங்கே யாருக்கும் இல்லை. நம் ஊரில் 2016-க்கு அப்புறம் தேர்தல் தள்ளிப்போய்த் தனி அலுவலர் இருந்த மூன்று வருடம் நீங்கள் தவித்தது நினைவுக்கு வருகிறது. இங்கே அது ஐம்பது வருடத்துக்கும் மேல்.

லீவு நாளில் ஜார்ஜ் டவுன் போனேன். சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் மூலையில் நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்கா இருக்கிறது. அம்மாவுக்காக உள்ளே போய் வேண்டிக்கொண்டேன், சொல்லிவிடுங்கள்.

பணம் அனுப்பியிருக்கிறேன். தங்கச்சி பீஸ் கட்டியது போக மீதியில் காது டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையார் கோயில் முனை அடிபம்பைச் சரிசெய்துவிட்டார்களா? நீங்கள் இப்போது மெம்பர் இல்லை என்றாலும் உங்களிடம்தான் வந்து கேட்டிருப்பார்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்