மேளத்தின் மேல் துள்ளிய அரிசி: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் தரம் 4இல் சுற்றாடல் பாடவேளையில் ஒலி பற்றிப் படிப்பித்தார்கள். அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது. ஒலியைப் பற்றிய பாடத்தில் அவளுக்கு என்ன இருக்கிறது என்று முன்பென்றால் நானே நினைத்திருப்பேன். ரீச்சர் ஒரு மேளத்தைக் கொண்டுவந்து, தோலின் மேல் கொஞ்சம் அரிசியைப் போட்டுத் தட்டினார். அரிசி துள்ளியது. பிறகு ஊதிய பலூனை ஆளுக்கொன்றாகக் கொடுத்து மேளத்தருகே பிடிக்கச் சொன்னார். பலூன் அதிருகிறது என்று முதலில் கையுயர்த்தியவள் அவள்தான். மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவளைப் பார்த்த பிறகே தங்கள் பலூனைக் கவனித்தார்கள்.

இதை எழுதக் காரணம் உண்டு. போன கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, இயலாமையுள்ள பிள்ளைகளைக் குறித்து, "இவர்களுக்காகப் பாடத்தை மெதுவாகக் கொண்டுபோனால் எங்கட பிள்ளைகளின்ர ஸ்கொலசிப் சோதினை என்னாவது?" என்று கேட்டார். சிலர் தலையாட்டினீர்கள். கேள்வியில் பிழையில்லை. ஆனால் நாங்கள் பாடத்தைக் குறைக்கவில்லை, படிப்பிக்கும் வழியைத்தான் மாற்றுகிறோம்.

தரம் 3இல் பயறு முளைக்க வைத்தோம். வழக்கமாக அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எண்ணை எழுதுவார்கள். பார்வை குறைந்த பிள்ளைக்கு அடிமட்டத்தின் கோடுகள் தெரியாது. ஆகவே நாளுக்கொரு தடித்த கடதாசிக் கீற்றைச் செடியின் உயரத்துக்கு வெட்டி, வரிசையாக ஒட்டச் சொன்னோம். ஒரு வாரத்தில் அது தானாகவே ஒரு சலாகை வரைபாகிவிட்டது. விரலால் தடவியும் படிக்கலாம். எண்ணை மட்டும் எழுதிவந்த காலத்தில் வரைபென்றால் விழித்த கெட்டிக்காரப் பிள்ளைகளும் இப்போது அதைப் புரிந்துகொள்கிறார்கள்.

ஈரமண்ணைத் தொட்டால் அழுகிற பிள்ளைக்குக் கரண்டி கொடுக்கிறோம். ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளைதான் இப்போது தண்ணீர் ஊற்றும் பொறுப்பாளர். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை ஆசிரியர்கள் விடவேண்டியிருந்தது. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்கிறவளுக்கு முதுகு என்ன சொல்லும்? ஜன்னலுக்கு முன்னால் நின்றாலும் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து முகம் இருட்டிவிடும். இந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கே ஒரு தவணை எடுத்தது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது. அனுமதித்துவிட்டுக் கடைசி வாங்கில் சும்மா இருத்தி வைத்தால் அதுவும் மறுத்ததுபோலத்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மழை பெய்தால் எங்கள் தோட்டப் பாதையில் சக்கர நாற்காலி புதைகிறது. பாதை சரியாகும்வரை, மழை நாட்களில் தொட்டிச் செடிகளை விறாந்தைக்குக் கொண்டுவந்து பாடம் நடக்கிறது.

இன்னொன்று. கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து போட்டு அனுப்புங்கள், கேலியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கேள்கருவியின் பற்றரி தீர்ந்திருந்தால் காலையிலேயே வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது மற்றப் பெற்றோருக்குப் போகாது.

அடுத்த பாடம் மிதத்தலும் அமிழ்தலும். வெற்று யோகட் கோப்பை, சிரட்டை, போத்தல் மூடி, பழைய சாவி, தக்கை ஆகியவற்றில் இருப்பதைத் திங்களன்று கொடுத்துவிடுங்கள். கண்ணாடிப் பொருட்கள் வேண்டாம். பார்க்க விரும்புகிறவர்கள் புதன்கிழமை இரண்டாம் பாடவேளைக்கு வரலாம். கேள்வி கேட்ட அந்தத் தந்தையையும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்
கொழும்பு