துர்ஃபானில் முதலில் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டுப்பாதை நகரங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இடிபாடுகளோடு நின்றுவிடுகின்றனர். சீனாவின் சிஞ்சியாங் பகுதியிலுள்ள துர்ஃபானுக்குச் சென்று வந்தவன் என்ற முறையில், அங்குள்ள திராட்சைத் தோட்டங்களையும் அவற்றுக்கு நீரூட்டும் கரேஸ் எனப்படும் நிலத்தடிக் கால்வாய்களையுமே முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடப் பெறாத இப்பள்ளத்தாக்கில், தியான்ஷான் மலையின் பனியுருகு நீரை, அடிவாரத்திலிருந்து சீரான சரிவில் தோண்டிய நிலத்தடிச் சுரங்கங்கள் எந்த எந்திரமும் இன்றி வயல்வரை கொண்டு சேர்க்கின்றன; மண்ணுக்கடியில் ஓடுவதால் கொளுத்தும் வெயிலிலும் நீர் அதிகம் ஆவியாவதில்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கியதால் பல கரேஸ்கள் வறண்டுவிட்டன. சுற்றுலா வழிகாட்டிகள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

இப்பகுதியின் உய்குர் இன உழவர்கள் திராட்சையை வெயிலில் பரப்புவதில்லை. சுவரெங்கும் துளைகள் விட்டுக் கட்டிய மண்செங்கல் கூடங்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கவிடுகின்றனர். நிழலில், வெப்பக் காற்றிலேயே உலர்வதால்தான் உலர்திராட்சை பச்சை நிறம் மாறாமல் இருக்கிறது.

துர்ஃபானுக்கு அருகிலுள்ள பெசெக்லிக் பௌத்தக் குகைகளின் சுவரோவியங்கள் பல 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்லினுக்குப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டதால் (பெர்லினிலும் சில இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் அழிந்தன) குகைகளுக்குச் செல்வோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஜியாவோஹே தொல்நகரம் அப்படியன்று. ஆனால் அங்கு நிழலே கிடையாது என்பதால், கோடையில் செல்வோர் காலையிலேயே பார்த்துவிட்டு, நண்பகலைக் கொடிப்பந்தல்களின் கீழ் கழிப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்